செல்வமேரி துடைத்த பாதிக் கண்ணாடி

செல்வமேரிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். 1985 டிசம்பரில் ஏற்காட்டு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் அது தரைக்கே இறங்கிவிட்டது.

ஒன்பது வருஷமாக அங்கே கண்ணாடிச் சாமான் கழுவியவள். அந்த வேலையில்தான் நாகலூரில் அவள் வீட்டு உலை கொதித்தது. மறுநாள் மெட்ராஸிலிருந்து அதிகாரிகள் வருவதாக இருந்தது. மேசைமேல் பார்த்தால், புகை படிந்த மாதிரி பழுப்பாக ஆறு கண்ணாடித் தகடுகள்! கோயில் திருவிழாவுக்கு முன்னால் வெள்ளிக் கிண்ணங்களைச் சாக்பீஸ் தூள் போட்டுத் துலக்குகிற கை, சும்மா இருக்குமா? ஐந்தைப் பளபளவென்று ஆக்கிவிட்டாள். ஆறாவதில் பாதி முடிந்தபோது, அந்தத் தகடுகளைச் செய்த விஞ்ஞானி டாக்டர் தேவசிகாமணி உள்ளே வந்தார்.

"அடிப்பாவி! ஆறு மாச உழைப்பு! நாளைக்கு அவங்களுக்கு எதைக் காட்டுவேன்? இனிமே வேலைக்கு வராதே, போ!"

"ஏனுங்க சார், அழுக்குன்னு நெனச்சுத் தொடச்சேனுங்க. தொடாதேன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"சொன்னா உனக்கு வெளங்குமா?"

அட, என்ன திமிர்! செல்வமேரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நின்ற இடத்தைவிட்டு அவள் அசையவில்லை.

கெடுத்தது என்னவென்று அவளுக்குக் காட்டியே தீருவது என்று, அவர் ஆறாவது தகடு முழுக்க, நீல வெளிச்சத்தில் ஒளிரும் ஒரே சாயத்தைப் பூசினார். ஜன்னலைச் சாத்தி நீல விளக்கைப் போட்டார். துடைத்த பாதி மங்கலாகக் கிடந்தது. பழுப்புப் பாதி பச்சையாகத் தகதகத்தது.

அவர் குனிந்து தகட்டை மறுபடி பார்த்தார். இதுவரை பழுப்புக் கண்ணாடி ஒன்றை வெறும் கண்ணாடி இன்னொன்றோடு ஒப்பிட்டுத்தான் இந்த வித்தியாசத்தைக் காட்டியிருந்தார். கண்ணாடிக்குக் கண்ணாடி மாறும் என்று எல்லோரும் தட்டிக்கழித்தார்கள். இங்கே ஒரே கண்ணாடி, ஒரே சாயம். இனி யார் என்ன சொல்ல முடியும்?

"சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கு வந்துடு. புதுசா நாலு தகடு செஞ்சு தர்றேன், இதே மாதிரி பாதி தொடச்சுக் குடு."

அவள் துணியை மேசைமேல் வைத்தாள். "அந்தப் பழுப்பு என்னன்னு சொல்லுங்க. அப்பறம் தொடைக்கிறேன்."

வேறு வழியில்லாமல் சொன்னார். அது அழுக்கில்லை, கண்ணுக்குத் தெரியாத வெள்ளிமணிகள். கண்ணாடியில் தனித்தனியாக ஒட்டிக்கொண்டு, விளக்கொளியைத் தங்களைச் சுற்றிக் குவித்து, பக்கத்துச் சாயத்தைக் கூடுதலாக ஒளிரவைப்பவை.

"தொலக்கினா மணியெல்லாம் உதுந்துபோயிருதுங்களா?"

"ஆமா."

அவ்வளவுதான். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.

"வெளங்கிருச்சுங்க சார். இந்த நாலு நிமிசத்த மிச்சம் புடிக்கத்தான் என்னைய வெளிய போகச் சொன்னீங்களா?"

அவர் ஜன்னலைத் திறக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அங்கேயே வேலை பார்த்தாள். இன்னதென்று சொல்லாமல் யார் எதை நீட்டினாலும் கை நீட்டி வாங்கவில்லை.