ஆன்டெனாவின் கண்ணில் மக்காச்சோளம்

டில்குமாரி பழைய பல்துலக்கும் பிரஷை வெந்நீரில் தோய்த்து, பேட்டரியின் முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைத் தேய்த்து எடுத்தாள். துணியால் ஒற்றினாள். கேபிளை மாட்டித் திருகை இறுக்கினாள். வெளியே போய்க் கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். ஆன்டெனாவின் முதுகில் சிக்னலைக் காட்டும் நான்கு பச்சை விளக்குகளில் இப்போதும் ஒன்றுதான் எரிந்தது.

“அப்ப நீ இல்ல,” என்று உள்ளே திரும்பி பேட்டரியிடம் சொன்னாள்.

மியாக்தி மலைமுகட்டில் இணைய ஆன்டெனா இருக்கும் அந்தத் தகரக் குடிசையை எட்டு வருடங்களாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். கீழே பேனி ஊரில் பத்து நாள் பயிற்சி. இருபது ஆண்கள், இவள் ஒருத்தி. மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டதை இவள் ஒரு குடும்பமாக மனதில் வைத்துக்கொண்டாள். சோலார் பலகை சம்பாதிக்கும். பேட்டரி சேர்த்து வைக்கும். ரவுட்டர் முச்சந்தியில் நின்று இது இன்னாருக்கு, அது இன்னாருக்கு என்று பிரித்து அனுப்பும். ஆன்டெனா மட்டும் வெளியூர்க்காரர்களோடு பேசும். அதுவும் எதிர்மலையில் இருக்கும் ஆன்டெனா நேருக்கு நேராகத் தெரிந்தால்தான் பேசும். அந்த மலையிலிருந்து அடுத்த மலை, அங்கிருந்து பொக்கரா.

மேகம் குடிசைக்குள்ளேயே வந்து உட்காரும் மதியங்களில் அவள் கதவோரம் சாய்ந்திருப்பாள். தலைக்கு மேலே யாருடைய பரீட்சை மார்க்கோ, கத்தாரிலிருந்து யாரோ மனைவிக்கு அனுப்பிய கோபமோ, ஒரு கல்யாணத்தின் இருநூறு படங்களோ பள்ளத்தாக்கைக் கடந்துகொண்டிருக்கும். இத்தனை மழையிலும் அவை எப்படி நனையாமல் போகின்றன என்று நினைத்தபடியே கண் சொருகிவிடும்.

இப்போது எதுவும் முழுசாகக் கடக்கவில்லை. மூன்று நாளாக விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வந்தன. நாளைக் காலை ஒன்பது மணிக்கு பொக்கராவில் இருக்கும் டாக்டர், இந்த ஊர்ப் பெண் சுனிமாவைத் திரையில் பார்க்க வேண்டும். அவளுக்கு ஒன்பது மாதம், தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறதோ என்று, குடிசைக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் சுகாதார நிலையத்தின் நர்ஸ் பவித்ராவுக்குச் சந்தேகம். அவளிடம் சின்ன ஸ்கேன் கருவி உண்டு. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்ல டாக்டர் வேண்டும். கைபேசியில் குரல் மட்டும் போகும். படம் போக இந்த ஆன்டெனாதான் வழி. குறுக்கே கிடந்தால் உடனே தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். இல்லையென்றால், சரிந்து கிடக்கும் பாதையில் ஒன்றரை நாள் அவளைக் குலுக்குவதே ஆபத்து.

கைபேசி அடித்தது. பவித்ரா.

“அக்கா, மானிட்டர மாத்திட்டேன், கேபிள மாத்திட்டேன். டாக்டர் மூஞ்சி கட்டம் கட்டமா நிக்குது.”

“உங்க கம்ப்யூட்டர் மேல பழி இல்ல சிஸ்டர். அதத் தொடாதீங்க. கோளாறு எதிர்மலையில.”

எதிர்மலை ஆன்டெனாவைப் பார்த்துக்கொள்ளும் கும்பசிங்கை அழைத்தாள்.

“உன் ஆன்டெனாவுக்கு முன்னாடி மரம் வளந்திருக்கும். வெட்டு.”

“காலையிலதான் வெட்டினேன் அக்கா. இன்னும் எத்தன கிளைய வெட்டச் சொல்ற? மரமே மொட்டையா நிக்குது.”

“குடிச்சிட்டு வேற மரத்த வெட்டியிருப்ப.”

“நீ வாங்கிக் குடுத்தா குடிக்கிறேன்,” என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

சாயங்காலம் மேகம் தானாக விலகியது. பள்ளத்தாக்கு முழுவதும் பால் ஊற்றி வைத்ததுபோல் கிடக்க, எதிர்முகடு மட்டும் மிதந்தது. பயிற்சியில் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது: எல்லாம் பார்த்தும் தெரியவில்லை என்றால், ஆன்டெனா எதைப் பார்க்கிறதோ அதைப் பார். கம்பத்தில் ஏறினாள். ஆன்டெனாவின் பக்கத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு எதிரே பார்த்தாள்.

மஞ்சள். கண் கொள்ளாத மஞ்சள்.

அவளுடைய மக்காச்சோளம். முகட்டிலேயே நல்ல வெயிலும் காற்றும் வரும் இடம் குடிசையின் முன்புறம்தான் என்று நான்கு நீண்ட மூங்கில்களை நட்டுப் பந்தல் கட்டியவள் அவள். அறுவடையான ஈரக் கதிர்களைத் தோகையோடு பின்னி, நாளுக்கு ஓர் அடுக்காக மேலே மேலே தொங்கவிட்டவளும் அவளே. அடுக்கு ஏற ஏற விளக்குகள் அணைந்திருக்கின்றன. மழையில் ஊறிய கதிருக்குப் பின்னால் நின்றுகொண்டு எந்த ஆன்டெனா பேசும்?

அங்கேயே தொங்கியபடி கும்பசிங்கை அழைத்தாள்.

“தம்பி, மரத்த விடு. குத்தம் என் சோளத்தோடது.”

அவன் சிரித்த சிரிப்பு பள்ளத்தாக்கைத் தாண்டியே கேட்டிருக்கும். “மலையவே வெட்டச் சொல்லாம விட்டியே, அதுவே பெரிசு.”

அதற்குள் இருட்டிவிட்டது. வழுக்கும் மூங்கிலில் இருட்டில் ஏறிக் காலை ஒடித்துக்கொண்டால் நாளைக்கு இரண்டு நோயாளி. டில்குமாரி கேழ்வரகுக் களியைத் தின்றுவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் விடிந்ததும் பந்தலில் ஏறி மேலடுக்கிலிருந்து அவிழ்க்கத் தொடங்கினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழு பேர் கூடைகளோடு வந்தார்கள். தரையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும் என்று ஆளுக்கு இரண்டு கூடை எடுத்துப்போய்த் தங்கள் வீட்டுக் கூரை இறவாணத்தில் தொங்கவிட்டார்கள். “யாருடையது எதுன்னு பிரிக்க உன் ரவுட்டர அனுப்பு,” என்றாள் ஒருத்தி. கடைசி அடுக்கு இறங்கும்போது நான்கு விளக்குகளும் எரிந்தன.

ஒன்பது மணிக்கு டாக்டர் படம் பார்த்தார். குழந்தை குறுக்கேதான் கிடந்தது. “இப்பவே கிளம்புங்க. கீழ வண்டி ரோட்டுல ஆம்புலன்ஸ் நிக்கும்.”

ஆண்கள் பாதிப் பேர் வெளிநாட்டில். நோயாளியைத் தூக்கிப்போகும் டோலியும் போன வருட மண்சரிவோடு போய்விட்டது. டில்குமாரி பந்தலின் மூங்கில்களில் இரண்டைப் பிடுங்கி, நடுவே கம்பளியை இறுக்கிக் கட்டினாள். சுனிமாவை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தார்கள்.

“அத்தை, சோள வாசம் அடிக்குது.”

“வாய மூடிட்டுப் படு.”

குடிசையைப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மற்றப் பெண்களோடு முன்கழிக்குத் தோள் கொடுத்தாள்.