மிஞ்சிய குளிசைகள்

டோரின் குளிசை அட்டையைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டிருப்பாள். காலாவதித் திகதி பார்க்காமல் ஒன்றையும் யாருக்கும் கொடுக்கமாட்டாள். அதில் அவள் கறார். வெள்ளவத்தை மாடிவீடுகளில் படுக்கையோடு கிடப்பவர்களைப் பார்ப்பது அவள் தொழில். துடைப்பாள், புரட்டிப் படுக்க வைப்பாள், நேரத்துக்கு மருந்து கொடுப்பாள். நோயாளி இறந்ததும் வீட்டார் கட்டிலையும் சக்கர நாற்காலியையும் விற்றுவிடுவார்கள். மருந்துப் பையைத்தான் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்கள். அது டோரினோடு அவளுடைய கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்துவிடும்.

“சல்லி குடுத்து வாங்கின சாமான். குப்பையில போடுறதா?” என்பாள்.

ஒழுங்கையில் யாருக்கு எங்கே வலித்தாலும் அவள் கதவைத்தான் தட்டுவார்கள். பக்கத்து வீட்டு சவுந்தரநாயகத்தின் முழங்காலுக்கு ஒன்று, அவர் மனைவியின் தலைச்சுற்றுக்கு ஒன்று. “சாப்பிட்டுட்டுத்தான் போடணும், அங்கிள். வெறும் வயித்தில போட்டுட்டு என்னட்ட வந்து கத்தக் கூடாது.” கோபித்தாலும் மருந்து தருகிற டொக்டர் என்று சிரித்துக்கொண்டே போவார் அவர்.

மகள் நிருஷாவுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. விடுதிக்குப் போக ஒரு கிழமை இருக்கும்போது, ஒரு பின்னேரம் டோரின் அவளை உட்காரவைத்துப் பேசினாள். சுற்றிவளைக்கவில்லை. ஐஸ், தூள் என்று விற்கும் போதைகள், பார்ட்டியில் யாரோ நீட்டும் கிளாஸ், எல்லாவற்றையும் சொன்னாள். சந்தியில் கண் சொருகி நிற்கும் பெடியன்களைப் பெயர் சொல்லிக் காட்டினாள். நிருஷா தலையாட்டிக்கொண்டிருந்தாள். தாய் எழும்பும்போதுதான் கேட்டாள்.

“மம்மி, அங்க நித்திர வராட்டி என்ன செய்றது?”

“ஏன் வராது?”

“குளிசை போடாட்டி வராதே.”

டோரின் திரும்பவும் உட்கார்ந்தாள். உயர்தரப் பரீட்சைக்கு முதல்நாள் மகள் பயத்தில் அழுதபோது, செத்துப்போன ஒரு நோயாளியின் நித்திரைக் குளிசையைப் பாதியாக உடைத்துக் கொடுத்தவள் அவள்தான். காலையில் பிள்ளை தெளிவாக எழும்பிப் போனதை ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தவளும் அவள்தான். அதன் பிறகு நிருஷா தானே பையைத் திறந்திருக்கிறாள். பாதி முழுதாகியிருக்கிறது. முழுதும் போதாமல் போயிருக்கிறது. பையில் குறைவதை டோரின் கண்டிருந்தாள். யாருக்கோ கொடுத்துவிட்டோம் என்று நினைத்திருந்தாள்.

“களவா எடுத்தியா?”

“நீங்க எல்லாருக்கும் குடுக்கிறதுதானே, மம்மி. இது ஐஸ் இல்லையே. மருந்து.”

வாய்க்கு வாய் பேசிச் சமாளிக்கிற பேச்சாக இருந்தால் டோரின் ஓர் அறை விட்டிருப்பாள். பிள்ளை அதை நம்பித்தான் சொன்னாள்.

போடாமல் விட்டுப் பார்த்தாயா என்று கேட்டாள். பார்த்தாளாம். கை நடுங்கியதாம், நெஞ்சு படபடத்ததாம், திரும்பவும் போட்டாளாம். இந்தக் குளிசையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் வரலாம் என்று டோரினுக்குத் தெரியும். பிடுங்கி எறியவும் முடியாது, எடுத்துக் கொடுக்கவும் கை வராது. பொரளை ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் சிநேகிதி ரிஸ்னாவுக்குப் போன் எடுத்தாள். வைத்தியர் சொல்லாமல் எதையும் நிறுத்தாதே, நாளைக்கே கூட்டிக்கொண்டு வா, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க மாதக்கணக்கில் ஆகும் என்றாள் ரிஸ்னா. பேராதனையைப் பற்றி டோரின் கேட்டாள்.

“இப்ப அவள தனிய விடாத, டோரின்.”

மறுநாள் காலை டோரின் வேலைக்குப் போகவில்லை. கிளினிக்குக்குப் புறப்படுமுன் ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்து, குளியலறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினாள். விழக்கூடிய நோயாளி உள்ள வீட்டில் முதல்நாளே செய்கிற வேலை அது. தோளில் துவாயோடு நிருஷா பார்த்துக்கொண்டு நின்றாள். “போ மகள், குளி,” என்றாள். பிள்ளை உள்ளே போனதும் கதவைச் சாத்தி, அது திறந்துவிடாமல் கைபிடியை வெளியிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.