‘இல்லை’ என்று போன பதில்

கோடு போட்ட நோட்டுத் தாளில் வந்த அந்த மனு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றின் ஆரம்பப் பள்ளி டீச்சர் எழுதியது. கீழே பெற்றோர்களின் கைநாட்டு, வரிசை வரிசையாக. பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானையைச் சேரிப் பிள்ளைகள் தொடக் கூடாதாம். ஊர்ப் பிள்ளை யாராவது மனசு வைத்து மொண்டு ஊற்றினால் கையேந்திக் குடிக்கலாம். இல்லையென்றால் சாயங்காலம் வரை தாகத்தோடு கிடக்க வேண்டும். “எங்கள் பிள்ளைகள் தாங்களே மொண்டு குடிக்க வேண்டும்” என்பதுதான் கோரிக்கை. டீச்சரும் அதே சேரியில் பிறந்து மிஷன் பள்ளியில் படித்து வந்தவர். பங்குனி வெயிலில் பாதித் தூரம் நடந்தே வந்து, திண்டுக்கல் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த என்னிடம் அதைக் கொடுத்தார். அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம்.

அந்த வாரமே மேலிடத்திலிருந்து அவசரத் தாக்கீது வந்தது. இனத்தின் பேராலோ பிறப்பின் பேராலோ மனிதரை ஒதுக்குவதாகப் புகார் உண்டா, அரசாங்கம் என்ன செய்தது என்று வெளிநாட்டில் ஏதோ சர்வதேசச் சபை எல்லா தேசங்களையும் கேட்டிருந்ததாம். கேள்வி டெல்லி, மதராஸ், மதுரை என்று படிப்படியாக இறங்கி என் மேசைக்கு வந்துவிட்டது. எங்கள் ஆபீசில் ஒரு பழக்கம் உண்டு. எது கேட்டாலும் ‘நில்’ என்று எழுதிவிடுவோம். ஒன்றுமில்லை என்று அர்த்தம். அதோடு ஃபைல் மூடிக்கொள்ளும். இருந்தாலும் மனுவை அதிகாரியிடம் காட்டினேன்.

“ஏப்பா, உண்டுன்னு எழுதுனா அதுக்கு ஒம்போது கேள்வி வரும். விசாரிச்சியா, கேஸ் போட்டியாம்பான். பேசாம நில் போட்டுத் தள்ளு” என்றார்.

போட்டேன். அவர் ஒன்றும் மிரட்டவில்லை. ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருக்கலாம். பங்குனி உத்திரத்துக்குப் பழனி கிளம்பும் அவசரம் எனக்கு, அம்புட்டுதான். மற்ற தாலுகாக்களை முந்திக்கொண்டு பதில் அனுப்பினோம் என்று பாராட்டு வேறு வந்தது. வெட்கங்கெட்டவன், அன்றைக்கு எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து டீச்சர் வந்தார். “மனு என்னாச்சு சார்?”

மனு பழைய கட்டோடு கட்டாகக் கிடந்தது. “வெளிநாட்டுச் சபைக்கே பதில் போயிருக்கு டீச்சர்” என்றேன். அது பொய்யில்லை, அதனாலேயே இன்னும் கேவலம்.

“அம்புட்டுத் தூரமா! எங்க புள்ளைக தாகம் கடல் தாண்டிப் போயிருச்சா சார்? நீங்க நல்லா இருக்கணும்” என்று கும்பிட்டார். நான் எதையோ தேடுவதுபோல் மேசைக்கடியில் குனிந்துகொண்டேன்.

இன்றைக்கும் பேப்பரில் ஏதாவது ஓர் அரசாங்கம் ‘எங்கள் நாட்டில் அப்படி எதுவும் இல்லை’ என்று உலகத்துக்குச் சொன்னதாகப் படித்தால், அதைச் சொன்ன மந்திரியை நான் நினைப்பதில்லை. எந்த ஊரில் எந்தக் குமாஸ்தா எதற்கு அவசரப்பட்டானோ என்றுதான் தோன்றுகிறது.

அந்த வருஷக் கடைசியில் வேறு வேலையாக அந்தக் கிராமத்துக்குப் போக நேர்ந்தது. பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது டீச்சர் பார்த்துவிட்டார். சேரிப் பிள்ளைகளை வெளியே கூட்டிவந்து வரிசையாக நிறுத்தினார். “நம்ம சேதிய ஒலகத்துக்கே அனுப்புன சார் இவுகதான். வணக்கம் சொல்லுங்க” என்றார். சொன்னார்கள். பாவி நான் பதில் வணக்கமும் சொன்னேன்.

ஓரத்தில் நின்ற சிறுமி ஒருத்தி கேட்டாள்: “அந்த வெளிநாட்டுக்காரவுக எப்ப சார் நமக்குப் பதில் போடுவாக?”

“சீக்கிரம் போடுவாங்கம்மா” என்றேன்.

டீச்சர் அவள் தலையைத் தடவி, “நாஞ் சொன்னேன்ல” என்றார்.