துளிர் விடாத மாங்கன்றைப் பார்க்கப் போனது

1999 ஜனவரி, பொங்கல் விடுமுறை. மதுரையிலிருந்து நான் இராஜபாளையம் கிளம்பியதற்குக் காரணம் ஓர் இணையதளம். செட்டியார்பட்டியில் எஸ்தர் என்ற பள்ளி ஆசிரியை தன் வீட்டுக் கொல்லையைத் தளமாக எழுதிவந்தார். ஒவ்வொரு செடிக்கும் ஒரு பக்கம். முளைத்தால் இரண்டு வரி, பூத்தால் இன்னும் இரண்டு. எதையும் முடித்துவிட்டு வெளியிடுவதில்லை. தோட்டத்தைப் போலவே தளத்தையும் வாராவாரம் வந்து கொஞ்சம் கொத்திவிட்டுப் போவார். நானோ என் தளம் முழுதாக அமையட்டும் என்று ஒரு வருடமாக வெளியிடாமல் வைத்திருந்தேன். மின்னஞ்சலில் பழகினோம், வரச் சொன்னார்.

பேருந்தில் சுமார் 85 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். வலப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள், மலை கூடவே வரும். இராஜபாளையத்தில் இறங்கி டவுன் பஸ்ஸில் செட்டியார்பட்டி.

கொல்லையில் கத்தரியும் அவரையும் தளத்தில் படித்தபடியே இருந்தன. நான் தேடியது சப்பட்டை என்கிற அந்தப் பக்கத்து ரக மாங்கன்றை. மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகுமுன் அவர் கணவர் நட்டது. போன வாரம்கூட 'புதுத் துளிர்' என்று எழுதியிருந்தார். அந்த இடத்தில் ஒரு குழிதான் இருந்தது.

"கரையான் அரிச்சிட்டு. ரெண்டு மாசமாச்சு," என்றார் எஸ்தர்.

"அப்ப போன வாரம் எழுதினது?"

"வேலை முடிஞ்சா அவிய மொதல்ல அந்தப் பக்கத்தத்தான் தொறப்பாவ. பட்டுப்போச்சுன்னு எப்படி எழுத? லீவுல வரும்போது சொல்லிக்கிடலாம்னு இருந்தேன்." குழியோரத்து மண்ணைக் காலால் உள்ளே தள்ளினார். "இல்லாத செடிக்கு வாரம் ஒரு துளிர் எழுதுறது எம்புட்டுக் கஷ்டம் தெரியுமா?"

"இன்னைக்கே எழுதிருவோமா?" என்று கேட்டேன். செருப்பை மாட்டினார்.

அவர் வழக்கமாக எழுதும் பிரௌசிங் சென்டர் ஸ்ரீவில்லிபுத்தூரில், அவருடைய பள்ளிக்குப் பக்கத்தில். இராஜபாளையத்திலிருந்து 12 கிலோமீட்டர். பொய்யான வரிகளை அழித்துவிடலாமே என்றேன்.

"இருக்கட்டும். எழுதுனது நான்தான," என்றவர், அவற்றின் கீழே தட்டினார்: 'கடைசியாக எழுதிய துளிர்களெல்லாம் பொய். கன்று நவம்பரிலேயே பட்டுவிட்டது. பயந்து மறைத்தேன்.' கணவருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்.

மறுநாள் காலை ஊர் திரும்பும் வழியில் அவரோடு மறுபடி அங்கே இறங்கினேன். பதில் வந்திருந்தது. எஸ்தர் படித்துவிட்டு, நாற்காலியை நகர்த்தி எனக்கும் இடம் விட்டார்.

'நானும் ஒண்ணு மறைச்சிட்டேன். கம்பெனியில் ஆள் குறைச்சாங்க. மூணு மாசமா கிடைச்ச வேலைக்குப் போயிட்டிருக்கேன். இங்க வர வாங்குன கடனை நினைச்சு நீ பயந்திருவேன்னுதான் சொல்லலை. ஊருக்கு வந்திரவா?'

எஸ்தர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். 'வாங்க' என்று ஒரே சொல்லைத் தட்டி அனுப்பினார். அது போய்ச் சேர்ந்ததா என்று இரண்டு தடவை பார்த்தார்.

மதுரை வந்த வாரமே என் தளத்தை இருந்தபடியே வெளியிட்டேன். பிழை கண்டால் திருத்துகிறேன். அவ்வளவுதான் அதற்கான வேலை.

போகிறவர்கள் மழை முடிந்த தை, மாசியில் போங்கள். அய்யனார் கோவில் அருவிக்கும் ஒரு காலை ஒதுக்குங்கள். எஸ்தருடைய தளம் இன்று இல்லை, இலவசமாக இடம் கொடுத்தவர்கள் மூடிவிட்டார்கள். கொல்லையைப் பார்க்க விரும்பினால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு மாலையில் போங்கள். அந்நேரம் இரண்டு பேருமே தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார்கள்.