இடது விலாவுக்குக் கீழே ஒரு கட்டி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று கோலா சிலாங்கூரில் என் லோரிகள் ஆறு ஓடுகின்றன. ஆனால் அதைவிடப் பெருமை எனக்கு வேறொன்றில்: என் மனைவியின் நோயை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான்.

வெள்ளைக்காரன் காலத்து மலாயா அவசரகாலம். ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடுமென்று, காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் பால் வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதிப்பார்கள். பெண்களைச் சோதிக்க ஒருத்தி இருந்தாள். அரிசி முடிச்சு இருக்கிறதா என்று வயிற்றை அமுக்கிப் பார்ப்பாள். அமுக்கியதும் என் மனைவி வெளிறிப்போவாள். வேர்வை கொட்டும், நெஞ்சு படபடக்கும், தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

“ஒண்ணும் ஒளிக்கலன்னா ஏண்டி இப்படி நடுங்குற?” என்பாள் சோதிக்கிறவள்.

தோட்ட ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி என் மனைவியின் பெயரை எழுதிக்கொண்டான். இன்னொரு முறை நடுங்கினால் போலீசில் ஒப்படைப்பானாம். விசாரணையே இல்லாமல் ஆளைப் பூட்டிவைத்த காலம் அது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸரிடம் ஓடினேன். அவர் பார்த்த நேரம் நாடி ஒழுங்காக இருந்தது. “நடிப்புலா. இல்லன்னா பேய். பூசாரிகிட்ட கூட்டிட்டுப் போ.”

அன்று ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை.

ஒரு வாரம் கவனித்தேன். குனிந்து வெட்டும்போதும் வந்தது. நின்று வெட்டினால் வரவில்லை. வீட்டில் நானே மெதுவாக அமுக்கிப் பார்த்தேன். வலப்பக்கம் ஒன்றுமில்லை. இடது விலாவுக்குக் கீழே கை வைத்ததும் வந்துவிட்டது. என் கைக்கா பயந்தாள்?

கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தமிழ் டாக்டர் ஒருவர் இரத்த அழுத்தம் பார்த்து, சரியாக இருக்கிறதே என்றார்.

“கைப் பட்டையக் கழட்டாதீங்க டாக்டர். இங்க அமுக்கிட்டுப் பாருங்க.”

“நீங்க என்ன படிச்சிருக்கீங்க?”

“மூணாவது. அமுக்குங்க.”

அமுக்கினார். பாதரசம் ஏறிய வேகத்தில் அவர் முகமே வெளுத்தது. உடனே ஓர் ஊசி போட்டார், மளமளவென்று இறங்கியது. சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பியில் கட்டி, புற்றுநோயாக இருக்காது, மிக அபூர்வம் என்றார்.

“இனிமே யாரும் அங்க அமுக்கக் கூடாது. உயிரே போயிடும்.”

“தினம் காலைல அமுக்குறாங்களே டாக்டர், சம்பளம் வாங்கிக்கிட்டு!”

அவர் தோட்டத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

எலுமிச்சம்பழ அளவுக் கட்டியை அறுத்து எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். டாக்டரின் கடிதத்தைக் கொண்டுபோய்க் கிராணி மேசையில் போட்டேன். படித்தான், அவள் பெயரை அடித்தான். தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை.

“சரி, திங்கக்கெழம பெரட்டுக்கு வரச் சொல்லு.”

“தையலே இன்னும் பிரிக்கல. நீ போய் நில்லு பெரட்டுல” என்றேன்.