கழுத்தில் கிடந்த கை

தென்காசி தனி மாவட்டம் ஆகி, அதற்கடுத்த சீசனில் நோய்க்குப் பயந்து அருவிகளை எல்லாம் அடைத்துப் போட்டார்களே, அந்த வருஷந்தான் சண்முகம் முதன்முதலில் என்னிடம் வந்தார். இந்தச் சீசன் தொடங்கின வாரம், செவ்வாய்க்கிழமை, ஐந்தருவியில் ஒருவர் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றேன். டீக்கடைக்காரர் ஓடி வந்து சொன்னார்: "அண்ணாச்சி, குத்துக்கல்வலசை விலக்கு ரோட்டுல சண்முகத்தை வேன் அடிச்சிட்டு. ஆள் போயிட்டாரு."

"எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு வண்டி?"

"வலது பக்கம்."

அந்தக் கழுத்து வலது பக்கம் திரும்பாது.

எனக்கு எழுத்துத் தெரியாது. பதினாறாம் நாள் ஜிம்மில் அவர் படம் வைக்கும்போது வாசிக்க, அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று ஜிம் மாஸ்டர் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவரே எழுதுகிறார். நீங்கள் எல்லோரும் சண்முகத்தோடு இரும்பு தூக்கியவர்கள். அதனால் உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

அருவி அடைத்த காலத்தில் வேலையில்லாமல் வீட்டில் கிடந்தேன். சண்முகம் வாசலில் நின்று கூப்பிட்டார். நான் பக்கவாட்டில் இருந்து வந்தபோது, தலையைத் திருப்பாமல் ஆளே மொத்தமாகத் திரும்பினார்.

"அண்ணாச்சி, ஒரு நெட்டி எடுத்து விடுங்க. சரியாப் போவும்."

"கோழிக் கழுத்தா வே, திருகிப் போடுறதுக்கு?" என்றேன். ஒரு காலத்தில் நானும் படக்கென்று நெட்டி எடுத்தவன்தான். ஒருவருக்கு நாலு நாள் கையில் தம்ளர் நிற்கவில்லை. அன்றோடு விட்டேன். சூடாக எண்ணெய் போட்டு, கட்டைவிரலால் மெதுவாகத் தடவினேன். பிடரிக்குக் கீழே புளியங்கொட்டை மாதிரி ஒரு முடிச்சு.

"இரும்பு தூக்குறதை நிறுத்தும்."

"அது மட்டும் சொல்லாதிய."

மாஸ்டர் அவரை விடச் சொல்லவில்லை. கம்பியைத் தோளில் ஏற்றக்கூடாது, தரையிலிருந்து மட்டும் தூக்க வேண்டும், வலி கூடின நாளில் பாதி எடை என்றார். எல்லாவற்றையும் கேட்டார் சண்முகம். நல்ல நாளில் அறுபது கிலோ, அதற்குமேல் ஒரு கிலோ ஏற்ற மாட்டார். உங்களில் ஒருவர்தானே கேட்டது, "என்ன மாமா, வருஷம் பூரா அறுபதுலயே நிக்கீரு? பத்திரம் பதிஞ்சி வச்சிருக்கீரோ?" அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திமிர் பிடித்தவன் என்றீர்கள். திமிர் இல்லை ஐயா, கழுத்து.

மூன்று மாதம் தேய்த்தேன். சாயங்காலம் இளகுகிற முடிச்சு காலையில் பழையபடி கல்லாக நிற்கும். சந்தேகப்பட்டு ஒருநாள் விடியவும் அவர் வீட்டுக்கே போனேன்.

அவர் மனைவி கட்டிலில் கிடந்தாள். பக்கவாதம். பேச்சும் போய்விட்டது. பிள்ளைகள் இல்லை. சண்முகம் குனிந்ததும் அவள் வலது கை எழும்பி வந்து அவர் கழுத்தில் விழுந்தது. மொத்த உடம்பும் அந்தக் கையில் தொங்க, அவர் தூக்கிக்கொண்டு குளிக்கிற இடத்துக்குப் போனார்.

"என்ன எடை வே?"

"ஆஸ்பத்திரியில ஐம்பத்தாறுன்னாங்க."

"பின்ன நாலு கிலோ எதுக்குக் கூடத் தூக்குதீரு?"

"மனசு சரியில்லாத அன்னைக்கு அவ கனம் கூடிப்போவும் அண்ணாச்சி."

அப்போது விளங்கியது. "உம்ம கழுத்தை இரும்பு கெடுக்கல வே, அந்தக் கைதான். கையை எடுத்து அவ மடியில வச்சிட்டுத் தூக்கும்" என்றேன்.

முழு உடம்போடும் என் பக்கம் திரும்பினார். "அவளுக்குன்னு அசையுறது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துப் போடச் சொல்லுதியளா?"

அதன்பிறகு நான் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. தினமும் எண்ணெய் போட்டேன். ரோட்டைக் கடக்கும்போது ஆளோடு திரும்பிப் பாரும் என்று மட்டும் சொல்லி அனுப்புவேன். திரும்புவார். அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு கையிலும் அவளுக்கு வாங்கின சாமான் பைகள். திரும்பினாரோ என்னமோ.

அடக்கம் முடிந்த அன்று அவளைத் தூக்க நானும் மாஸ்டரும் போனோம். மாஸ்டர் குனிந்தார். கை எழும்பி அவர் கழுத்தைத் தொட்டது. பிடரியில் விரல்கள் எதையோ தேடின. பிறகு கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. இருநூறு கிலோ தூக்குகிற மாஸ்டர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த முடிச்சு இன்னும் என் கட்டைவிரலில் இருக்கிறது. எனக்கு அது போதும். குளிப்பாட்டப் பக்கத்து வீட்டு ஆச்சி வருகிறாள், தூக்கத்தான் ஆள் வேண்டும். எனக்கு வயசாகிவிட்டது. அறுபது தூக்குகிறவர்கள் இங்கே பத்துப் பேர் இருக்கிறீர்கள். யார் போனாலும், குனிவதற்கு முன்னால் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். காது கேட்கும். அந்த வீட்டில் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான். பேர் கோமதி.