மரத்துக்குச் சொன்ன பெயர்

தொண்ணூறுகளின் நடுவில், கனடாவின் பிறம்ரன் நகரில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு எதிரே நின்று அதே வேலையைச் செய்தவள் சிம்பாப்வேயில் ஒரு கிராமத்துக்காரி. என் ஆறு வயது மகளுக்கு விண்டர் தொடங்கியதிலிருந்து இருமல் நிற்கவில்லை என்று அவளிடம் புலம்பினேன். மருந்தும் மூச்சுக்கு இழுக்கிற பம்பும் கொடுத்துப் பார்த்தாயிற்று. நாலு படி ஏறினாலே பிள்ளையின் நெஞ்சு விசிலடித்தது.

ஊரில் தன் அண்ணன் மரப்பட்டை வைத்தியம் செய்கிறவர் என்றாள். சூரியன் உதிக்கிற பக்கம் ஒரு துண்டு, மறைகிற பக்கம் ஒரு துண்டு. வெட்டுமுன் நோயாளியின் பெயரை மரத்துக்குச் சொல்லவேண்டும். வெட்டிய இடத்தில் சேறு பூசிவிடுவார்கள். அந்தக் காயம் மூட மூட நோயாளிக்குச் சுகம் வரும். மரம் பட்டுப்போனால் என்று பகிடிக்குக் கேட்டேன். அவள் அடுத்த பெட்டியை இழுத்து ஒட்டினாள்.

மகளின் பெயரை ஒரு கடதாசித் துண்டில் எழுதிக் கொடுத்தேன். கனடாவில் எழுதுகிற மாதிரியே, கடைசியில் குடும்பப் பெயர். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயரைத்தான் அந்த இடத்தில் போட்டுச் சமாளிக்கிறோம்.

இரண்டு மாதத்தில் பட்டை வந்தது. மனைவி அதை மூக்கருகே பிடித்து மணந்து பார்த்தாள்.

"உந்தப் பட்டையைப் பிள்ளைக்குக் குடுக்க நான் விடமாட்டன்."

பட்டை அலுமாரிக்கு மேலே போனது. எனக்கும் உள்ளூர நிம்மதிதான்.

பனி கரைந்த வாரம், என்னோடு வேலைசெய்தவளுக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது. காயம் மூடவில்லை, மரம் இலை கொட்டுகிறது என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். பிள்ளை அதைக் குடிக்கவேயில்லை என்றேன். பெயர் சொல்லியாயிற்றே என்றாள். அண்ணன் கடைசிப் பெயரை மட்டும்தான் சொன்னாராம். குடும்பம் தெரிந்தால் மரத்துக்குப் போதுமாம்.

கடைசிப் பெயர் என்னுடையது என்றேன்.

அவள் பதறிப்போனாள். உடனே எழுதி, பிள்ளையின் சரியான பெயரைச் சொல்லவைக்கிறேன் என்றாள். இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை நான். ஆனாலும் எழுதவேண்டாம், சொன்னது சொன்னபடியே இருக்கட்டும் என்று அவளைக் கெஞ்சினேன்.

ஜூலையில் ஒருநாள் மகள் மூன்றாம் மாடி வரைக்கும் ஒரே ஓட்டமாக ஏறினாள். நான் பாதிப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னப்பா, இப்ப நீங்களெல்லோ இருமுறியள்?" என்றாள் பின்னால் வந்த மனைவி.

குளிர் பிடித்துவிட்டது என்றேன். பயமாகத்தான் இருந்தது. மேலே மகள் பாடிக்கொண்டே கதவைத் தட்டுவது கேட்டது. அவள் நெஞ்சில் விசில் இல்லை.